ஆட்களை ஒப்படைத்த காகிதம்: எங்கோமியெந்தா என்றால் என்ன?

வேட்டைக்குப் பழக்கிய பருந்தின் காலில் ஒரு சின்ன மணி கட்டுவார்கள். பருந்து எந்த மரத்தில் போய் உட்கார்ந்தாலும் அந்த ஓசையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். 1492-இல் கொலம்பஸ் அட்லாண்டிக் கடலைக் கடந்தபோது, பண்டமாற்றுக்காக எடுத்துப்போன பொருட்களில் இந்த மணிகளும் இருந்தன. கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களுக்கு அதன் ஓசை மிகவும் பிடித்துவிட்டது. கையிலிருந்த பொன்னைக் கொடுத்து மணியை வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றே ஆண்டில் அந்த மணி பொன் அளக்கும் படி ஆயிற்று. இன்று ஹெயிட்டியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கும் ஹிஸ்பானியோலா தீவில், பொன் கிடைக்கும் பகுதியைச் சேர்ந்த 14 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த மணி நிறையப் பொன்துகள் கொண்டுவந்து கட்ட வேண்டும் என்று 1495-இல் கொலம்பஸ் விதித்தார். பொன் இல்லாத பகுதியினர் ஆளுக்கு ஓர் அரோபா, அதாவது ஏறக்குறைய பதினொன்றரை கிலோ பருத்தி தர வேண்டும். கட்டியவர் கழுத்தில் அடையாள வில்லை தொங்கும். வில்லை இல்லாமல் அகப்பட்டால் தண்டனை.

திட்டம் பலிக்கவில்லை. அந்தத் தீவின் ஆறுகளில் அவ்வளவு பொன் கிடையாது. மக்கள் ஊரை விட்டு மலைக்கு ஓடினார்கள். அப்போதுதான் அங்கே குடியேறியிருந்த ஸ்பானியர்களுக்கு வேறொரு வழி தோன்றியது. பொருளைக் கேட்டால் வருவதில்லை, ஆளையே எடுத்துக்கொண்டால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்த ஏற்பாட்டுக்குத்தான் எங்கோமியெந்தா என்று பெயர். ஸ்பானிய அமெரிக்காவின் முதல் அறுபது எழுபது ஆண்டுகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சொல் தெரிந்தால் பாதிக் கதவு திறந்துவிடும்.

ஸ்பானிய மொழியில் ‘எங்கோமெந்தார்’ என்றால் நம்பி ஒப்படைத்தல். அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் எங்கோமியெந்தா, ஒப்படைப்பு. அரசர், அல்லது அவர் பெயரால் ஆளுநர், ஒரு ஸ்பானியரிடம் ஒரு காகிதம் கொடுப்பார். இன்ன ஊர்த் தலைவர், அவருக்குக் கீழ் இத்தனை பேர், இவர்களை உம்மிடம் ஒப்படைக்கிறோம் என்று அதில் இருக்கும். பெறுகிறவர் அந்த மக்களுக்குக் கிறித்தவ சமயத்தைக் கற்பிக்க வேண்டும், அவர்களைப் பாதுகாக்க வேண்டும். அதற்குக் கைம்மாறாக அவர்களுடைய உழைப்பையோ திறையையோ அவர் எடுத்துக்கொள்ளலாம். இப்படிப் பெற்றவர் எங்கோமெந்தெரோ. முஸ்லிம் ஆட்சியிடமிருந்து ஊர்களைக் கைப்பற்றிய காலத்தில் ஸ்பெயினிலேயே படைத்துறவிகளின் சங்கங்களுக்கு ஊர்களை இப்படி ஒப்படைக்கும் வழக்கம் இருந்தது. சொல்லும் அங்கிருந்து வந்ததுதான்.

முதன்முறை படிக்கிறவர்கள் பெரும்பாலும் இதை ஜமீன் போல என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் எங்கோமியெந்தாக் காகிதத்தில் ஒரு சாண் நிலம்கூடக் கிடையாது. சட்டப்படி நிலம் ஊர்மக்களுடையதாகவே இருந்தது. கொடுக்கப்பட்டது ஆட்களின் நாட்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் கூலியில்லாக் கட்டாய வேலைக்கு ‘வெட்டி’ என்று பெயர். அந்த வெட்டியை, ஊர் ஊராகப் பிரித்து, தனியாருக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்தது என்று வைத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும்.

அடிமை முறைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எங்கோமெந்தெரோ தன்னிடம் ஒப்படைக்கப்பட்டவர்களை விற்க முடியாது. அவர்கள் அவருடைய சொத்து இல்லை, அரசரின் சுதந்திரக் குடிகள். 1503 டிசம்பரில் அரசி இசபெல் இந்த ஏற்பாட்டுக்கு அனுமதி அளித்த ஆணையில் அதை அழுத்தமாகவே எழுதினார். மக்கள் ஸ்பானியரோடு பழகி வேலை செய்யும்படி ஆளுநர் கட்டாயப்படுத்தலாம், நாட்கூலி தர வேண்டும், அவர்கள் சுதந்திர மனிதர்களாகவே வேலை செய்ய வேண்டும், அடிமைகளாக இல்லை என்கிறது ஆணை. கட்டாயமும் சுதந்திரமும் ஒரே தாளில் அடுத்தடுத்து நின்றன. காசு கொடுத்து அடிமையை வாங்கியவருக்கு அவன் செத்தால் முதல் போகும். காகிதத்தில் இலவசமாகப் பெற்ற ஆள் செத்தால் வேறு ஆளுக்கு விண்ணப்பிக்கலாம். ‘சுதந்திரம்’ என்ற அந்தச் சொல் அந்த மக்களைக் காப்பாற்றவில்லை, அவர்களுடைய உயிரின் விலையைத்தான் குறைத்தது என்று நான் நினைக்கிறேன்.

தீவில் நடந்ததைப் புரிந்துகொள்ள மரவள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். சேலத்துப் பக்கம் குச்சிக்கிழங்கு, நாஞ்சில் நாட்டில் மரச்சீனி என்று நாம் சொல்லும் அதே கிழங்குதான். அது அமெரிக்க மண்ணுக்குரிய பயிர், போர்த்துக்கேயர் வழியாக நம் பக்கம் வந்தது. தைனோக்கள் மண்ணை முழங்கால் உயரத்துக்கு மேடு மேடாகக் குவித்து, அதில் மரவள்ளிக் குச்சிகளை ஊன்றுவார்கள். அவர்கள் பயிரிட்ட வகையின் சாறு நஞ்சு. கிழங்கைத் துருவி, கூடைபோல் பின்னிய நீண்ட குழாயில் அடைத்துத் தொங்கவிட்டு, இழுத்துப் பிழிந்து சாற்றை வடிப்பார்கள். எஞ்சிய மாவை அகன்ற மண்கல்லில் தட்டிச் சுட்டால் காசாபே என்ற ரொட்டி. மாதக்கணக்கில் கெடாது. சுரங்கத்துக்குப் போன தைனோவுக்கும், அவரை வேலை வாங்கிய ஸ்பானியருக்கும் இதுவே சோறு.

நட்டால் மறுநாள் விளைவதில்லை மரவள்ளி. ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கும். ஆண்களை மாதக்கணக்கில் ஆற்றங்கரைக்கு மணல் அலசக் கொண்டுபோனால் மேடு கட்ட ஆள் இருக்காது. மேடு கட்டவும் ரொட்டி சுடவும் பெண்களை ஸ்பானியரின் தோட்டத்துக்குக் கொண்டுபோனால், ஊரில் பிள்ளைகளுக்கு அடுத்த ஆண்டுக்கான கிழங்கு இருக்காது. கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம் என்று பிரிந்து கிடந்ததால் பிறப்பும் குறைந்தது. பசித்த உடம்பில் சாதாரணக் காய்ச்சலும் ஆளைக் கொன்றது.

அமெரிக்கப் பழங்குடிகள் அழிந்ததற்குப் பெரியம்மைதான் காரணம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஹிஸ்பானியோலாவின் காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. 1508-இல் அங்கு எஞ்சியிருந்த தைனோக்கள் ஏறக்குறைய 60,000 பேர். 1514-இல் ஆட்களை மீண்டும் பங்கிட எடுத்த கணக்கில் ஏறக்குறைய 26,000 பேர். பெரியம்மை அந்தத் தீவுக்கு வந்ததோ 1518 கடைசியில். அம்மை வந்து சேர்வதற்குள் வேலையும் பசியும் பிற நோய்களும் சேர்ந்து பெரும் பகுதியை முடித்திருந்தன.

அந்த 1514 பட்டியலைப் பார்த்தால் இந்த ஏற்பாடு மனிதரை எப்படிப் பார்த்தது என்று தெரியும். இன்னாருக்கு இன்ன தலைவர், அவருடன் வேலைக்கு ஆகும் ஆட்கள் இத்தனை, வேலைக்கு ஆகாத கிழவர்கள் இத்தனை, வேலைக்கு ஆகாத பிள்ளைகள் இத்தனை என்று வரிசை வரிசையாகப் போகிறது. ஸ்பெயினை விட்டு நகராத அரசவை அதிகாரிகளுக்கும் அதில் பங்கு உண்டு. கடல் கடந்த அந்நாட்டின் விவகாரங்களைக் கவனித்த ஆயர் ஃபொன்செகாவும், அரசரின் செயலர் லோபே கொன்சில்யோஸும் பார்த்தே இராத மக்களின் உழைப்பைப் பெற்றுக்கொண்டிருந்தார்கள். ஆள் போதாமல் போனபோது பக்கத்துப் பஹாமா தீவுகளிலிருந்து மக்களைப் பிடித்து வந்தார்கள். கொலம்பஸ் முதன்முதலில் கரையேறிய தீவுக்கூட்டம் அதுதான். இருபது ஆண்டுகளில் அங்கே மனித அரவம் இல்லாமல் போயிற்று.

1511 டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. சாந்தோ தொமிங்கோ நகரத்து ஆலயம். கொலம்பஸின் மகனும் அப்போதைய ஆளுநருமான தியெகோ உட்பட ஊரின் பெரிய எங்கோமெந்தெரோக்கள் எல்லோரும் அமர்ந்திருக்கிறார்கள். முந்தின ஆண்டுதான் தீவுக்கு வந்த தொமினிக்க சபைத் துறவிகள், ஒருவர் விடாமல் கலந்து பேசி எழுதிக் கையொப்பமிட்ட பிரசங்கத்தை அந்தோனியோ தெ மோந்தெசினோஸ் வாசிக்க எழுந்தார். இந்தத் தீவு என்னும் வனாந்தரத்தில் கூப்பிடுகிறவனுடைய சத்தம் நான் என்று தொடங்கினார். “எந்த உரிமையில், எந்த நீதியில் இந்த மக்களை இப்படிக் கொடிய அடிமைத்தனத்தில் வைத்திருக்கிறீர்கள்? இவர்கள் மனிதர்கள் இல்லையா? இவர்களுக்குப் பகுத்தறியும் ஆன்மா இல்லையா?”

அன்று பகலே ஆளுநரும் மற்றவர்களும் துறவிகளின் குடிசைக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள். சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும் என்றார்கள். அடுத்த ஞாயிறு மோந்தெசினோஸ் மறுபடி மேடை ஏறினார். திரும்பப் பெறுவார் என்று எதிர்பார்த்துக் கூட்டம் நிறைந்திருந்தது. முன்னிலும் கடுமையாகப் பேசினார். இனி எங்கோமெந்தெரோக்களுக்குப் பாவமன்னிப்புத் தரமாட்டோம், விருப்பமானால் அரசருக்கு எழுதிக்கொள்ளுங்கள் என்றார். தானும் எங்கோமியெந்தா வைத்திருந்த பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்ற குருவானவர் எழுதிவைத்ததால்தான் இந்தச் சொற்கள் நமக்குக் கிடைத்தன. அவர் உடனே மாறிவிடவில்லை. 1514-இல்தான் தன் ஆட்களைத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு 1566-இல் இறக்கும்வரை இந்த ஏற்பாட்டை எதிர்த்தே வாழ்ந்தார். பழங்குடிகளின் சுமையைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று ஒரு கட்டத்தில் அவரே யோசனை சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்காகப் பின்னாளில் மனம் நொந்து எழுதினார். அந்த யோசனை அவர் சொல்லித்தான் வந்தது என்பதில்லை. ஆப்பிரிக்கர்கள் ஏற்கெனவே கொண்டுவரப்பட்டிருந்தார்கள். 1518-இல் 4,000 பேரைக் கொண்டுவர அரசர் உரிமம் கொடுத்தார், 1521 கிறிஸ்துமஸ் நேரத்தில் தியெகோவின் கரும்பாலையிலேயே அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள்.

பிரசங்கத்தின் சத்தம் ஸ்பெயினை எட்டியது. 1512 டிசம்பர் 27-இல் புர்கோஸ் நகரில் 35 விதிகள் கொண்ட சட்டத்தொகுப்பு வந்தது. அமெரிக்கப் பழங்குடிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐரோப்பியர் எழுதிய முதல் முழுச் சட்டம் அது. படிக்கப் படிக்கத் தலை சுற்றும். ஐம்பது பேருக்கு நான்கு குடிசை, 3,000 மரவள்ளி மேடு, 2,000 சர்க்கரைவள்ளி மேடு, 250 மிளகாய்ச் செடி, 50 பருத்திச் செடி, ஒரு டசன் கோழி, ஒரு சேவல் என்று கணக்கு எழுதியிருக்கிறது. கருவுற்ற பெண்ணை நான்கு மாதத்துக்குப் பிறகு சுரங்கத்துக்கு அனுப்பக் கூடாது. யாரையும் தடியால் அடிக்கக் கூடாது, ‘நாயே’ என்று கூப்பிடக் கூடாது, அவரவர் பெயரைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும். இப்படி ஒரு விதி எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அங்கே அன்றாடம் என்ன நடந்தது என்று ஊகிக்கலாம். ஐந்து மாதம் பொன் அலசினால் நாற்பது நாள் ஓய்வு. உடுத்துக்கொள்ள ஆண்டுக்கு ஒரு பொற்பெசோ. அதோடு, மக்களை ஸ்பானியரின் தோட்டத்துக்கு அருகே கொண்டுவந்த பின், அவர்கள் திரும்பிப் போக ஆசைப்படாதபடி பழைய வீடுகளை எரித்துவிட வேண்டும் என்றும் முதல் விதியே சொல்கிறது. ஒப்படைப்பு தவறா என்று துறவிகள் கேட்டார்கள். ஒப்படைப்பைத் திருத்தி, உறுதிப்படுத்தி அரசர் பதில் சொன்னார்.

ஒப்படைக்கப்பட்டவராக இருப்பது எப்படி இருந்திருக்கும்? என்ரிகில்யோவின் கதை ஒரு பதில் தருகிறது. தைனோத் தலைவர் குடும்பத்துப் பிள்ளை. பிரான்சிஸ்கன் துறவிகளிடம் வளர்ந்தவர், ஸ்பானியம் எழுதப் படிக்கத் தெரிந்தவர், கிறித்தவர், ஆலயத்தில் மணம் முடித்தவர். அதாவது எங்கோமியெந்தா எப்படிப்பட்ட மனிதரை உருவாக்குவதாகச் சொல்லிக்கொண்டதோ, அப்படிப்பட்டவர். அவர் வலென்சுவேலா என்ற இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தார். தன் ஆட்களோடு முறைப்படி வேலைக்குப் போய்வந்தார். வலென்சுவேலா முதலில் அவருடைய பெண்குதிரையைப் பறித்தார். பிறகு அவர் மனைவி மென்சியாவை மானபங்கம் செய்ய முயன்றார்.

என்ரிகில்யோ ஆயுதம் எடுக்கவில்லை. உள்ளூர் அதிகாரியிடம் முறையிட்டார். மிரட்டல்தான் கிடைத்தது. சாந்தோ தொமிங்கோ உயர்மன்றத்துக்குப் போனார். அங்கே ஒரு கடிதம் கொடுத்து அதே உள்ளூர் அதிகாரியிடமே திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்து, தன் முறை வேலையை முடித்துக்கொடுத்தார். அடுத்த முறை வேலைக்குப் போகவில்லை. 1519-இல் தன் மக்களோடு பஹோருகோ மலைக்குள் போய்விட்டார். பதினான்கு ஆண்டுகள் படைகள் ஏறிப்போய்த் தோற்றுத் திரும்பின. தப்பிவந்த ஆப்பிரிக்கர்களும் அந்த மலையில் சேர்ந்துகொண்டார்கள். 1533-இல் ஸ்பானிய அரசரின் கடிதத்தோடு தூதர் மலையேறி வந்து சமாதானம் பேசினார். அவருக்கும் அவருடைய மக்களுக்கும் எங்கோமியெந்தாவிலிருந்து விடுதலை கிடைத்தது. அப்போது எஞ்சியிருந்தவர்கள் சில நூறு பேர்தான்.

1521-இல் மெக்சிகோவில் ஆஸ்தெக் பேரரசின் தலைநகரான தெனோச்தித்லான் வீழ்ந்தபோது காட்சி மாறியது. அதைக் கைப்பற்றிய ஹெர்னான் கோர்த்தேஸோடு வந்த வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது, பங்குதான். கைப்பற்றிய பொன் பங்கு போடப் போதவில்லை. எனவே ஊர்களை ஒப்படைத்தார். தீவுகளில் நடந்த அழிவைப் பார்த்த அரசர் 1523-இல் இனி எங்கோமியெந்தா கூடாது என்று எழுதினார். கோர்த்தேஸ் அந்த ஆணையை நிறைவேற்றவில்லை. நிறைவேற்ற முடியாது என்று காரணம் எழுதி அனுப்பினார். கடல் கடந்து ஆளும் அரசுகளுக்கு எப்போதும் இருக்கும் சிக்கல் இது. ஆணை வந்து சேர மாதங்கள் ஆகும். அதை நடைமுறைப்படுத்த வேண்டியவர்களே அதனால் நட்டப்படுகிறவர்கள்.

மெக்சிகோவில் மக்கள் ஏற்கெனவே ஊராகவும் நாடாகவும் ஒழுங்குபட்டு வாழ்ந்தார்கள். அங்கே நவாட்ல் மொழி பேசிய நவா மக்களின் ஒவ்வொரு ஊரரசுக்கும் ஒரு தலைவர், கோவில், சந்தை, முறைவேலை, திறைக் கணக்கு எல்லாம் உண்டு. எங்கோமியெந்தா அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்தது. தலைவர் பழையபடி திறை வசூலித்தார், அது போய்ச் சேரும் வீடு மாறியது. எங்கோமெந்தெரோ ஊரில் குடியிருப்பதும் இல்லை. புதிய ஸ்பானிய நகரத்தில், சதுக்கத்தை ஒட்டி, குதிரையும் ஆயுதமும் வைத்துக்கொண்டு பெரிய வீட்டில் இருப்பார். போர் வந்தால் அரசருக்காகப் புறப்பட வேண்டியது அவர் கடமை. ஊருக்குப் போய்வருவது அவருடைய காரியக்காரர். விறகு, கோழி, துணி, சோளம் சுமந்துகொண்டு ஊர்க்காரர்கள்தான் நகரத்துக்கு வருவார்கள்.

ஒப்படைப்பைப் பெற்றவர்கள் எல்லோரும் ஸ்பானிய ஆண்களும் இல்லை. ஆஸ்தெக் பேரரசர் மொக்தெசுமாவின் மகள் தெகுவிச்போவுக்கு இசபெல் என்று ஞானஸ்நானப் பெயர் சூட்டி, 1526-இல் தாகுபா என்ற ஊரையும் அதைச் சார்ந்த சிற்றூர்களையும் கோர்த்தேஸ் எழுதிக் கொடுத்தார். அவருக்குக் கோர்த்தேஸின் மூலம் பிறந்த மகள் லியோனோர், மெக்சிகோவின் முதல் தலைமுறைக் கலப்புப் பிள்ளைகளில் ஒருத்தி. பிற்காலத்தில் ஸ்பெயினில் பிறந்தவர், அமெரிக்காவில் பிறந்த ஸ்பானியர், ஸ்பானியருக்கும் பழங்குடிக்கும் பிறந்த மெஸ்தீசோ, ஸ்பானியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் பிறந்த முலாத்தோ என்று பிறப்பை வைத்துக் கட்டிய படிநிலையெல்லாம் பெரிதாக வளர்ந்தது. இசபெலின் காலத்தில் அது இன்னும் இறுகவில்லை. 1550-இல் அவர் எழுதிய உயிலில், தன் வீட்டிலிருந்த பழங்குடி அடிமைகளை எல்லாம் விடுதலை செய்யச் சொல்லியிருக்கிறார்.

மெக்சிகோ நகரத்துக்குத் தென்கிழக்கே வெஹோட்சிங்கோ என்று ஓர் ஊர். ஆஸ்தெக் பேரரசை எதிர்த்துக் கோர்த்தேஸோடு தோள் சேர்ந்து நின்ற ஊர். அதுவும் ஒப்படைப்பிலிருந்து தப்பவில்லை. கோர்த்தேஸ் தன் பங்காக அதை வைத்திருந்தார். 1528-இல் அவர் ஸ்பெயினுக்குப் போயிருந்த நேரத்தில், நூன்யோ தெ குஸ்மான் தலைமையில் ஆட்சியையும் சேர்த்து நடத்த வந்த முதல் உயர்மன்றம் அந்த ஊரின் திறையைத் தான் எடுத்துக்கொண்டது. அளவுகடந்து எடுத்துக்கொண்டது. கோர்த்தேஸ் திரும்பி வந்து வழக்குப் போட்டபோது, 1531-இல் ஊர்க்காரர்கள் சாட்சி சொல்ல வந்தார்கள். எதைக் கொண்டு சாட்சி சொன்னார்கள் என்பதுதான் அருமை. மரப்பட்டையில் செய்த தாளில், தங்கள் பழைய முறைப்படி, கொடுத்ததையெல்லாம் படமாக வரைந்து கொண்டுவந்தார்கள்.

அந்த எட்டுத் தாள்களும் இன்று வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. நவாக்கள் இருபது இருபதாக எண்ணுகிறவர்கள். சிறு கொடி ஒன்று வரைந்தால் இருபது. முடிக்கற்றை போன்ற ஒரு குறி நானூறு. ஒரு பை எண்ணாயிரம். சோளம், மிளகாய், துணிக்கட்டு, வான்கோழி என ஒவ்வொன்றின் படத்துக்கு மேலும் இந்தக் குறிகள். நம் குழம்பில் விழும் மிளகாயின் பூர்வீகம் அந்த மண்தான் என்பதால், திறைப் பட்டியலில் அதைப் பார்க்கும்போது மனம் ஒரு கணம் நின்றுதான் போகிறது. ஒரு தாளில் மாதாவும் குழந்தை இயேசுவும். குஸ்மான் போருக்கு எடுத்துப்போக ஊர்க்காரர்கள் பொன்னும் பறவை இறகும் வைத்துச் செய்து கொடுத்த கொடி அது. அமெரிக்கப் பழங்குடிகள் வரைந்த மாதா படங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. அந்தக் கொடிக்குப் பொன் வாங்க ஊரார் ஆணும் பெண்ணுமாக அடிமைகளை விற்க வேண்டியிருந்தது. விற்கப்பட்ட அந்த மனிதர்களும் தாளில் இருக்கிறார்கள், மிளகாயையும் துணியையும் போலவே எண்ணிக்கையாக.

வழக்கு ஸ்பெயின் வரை போனது. எடுத்த திறையில் மூன்றில் இரண்டு பங்கை ஊருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 1538-இல் அரசர் தீர்ப்பளித்தார். தெனோச்தித்லான் வீழ்ந்து பதினேழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதற்குள் ஸ்பானியரின் நீதிமன்றத்தில், அவர்களுடைய சட்டப்படி, தங்கள் எழுத்தில் சான்று காட்டி வென்றிருந்தது ஒரு நவா ஊர். ஆனால் ஒப்படைப்பு என்ற ஏற்பாட்டின்மேல் கைவைக்க எந்த வழக்காலும் முடியவில்லை. அளவு மீறியதைத்தான் கேட்க முடிந்தது.

ஏற்பாட்டின் மேலேயே கைவைக்க அரசரே முயன்ற கதை 1542-இல் நடந்தது. லாஸ் காசாஸ் போன்றோரின் முறையீடு ஒருபக்கம். எங்கோமெந்தெரோக்கள் பரம்பரைப் பிரபுக்களாகித் தன்னை மதிக்காமல் போய்விடுவார்களோ என்ற அச்சம் மறுபக்கம். இரண்டாவது காரணம்தான் அரசருக்குப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். ‘புதிய சட்டங்கள்’ என்ற பெயரில் வந்த தொகுப்பு, இனிப் புது ஒப்படைப்பு கிடையாது, இப்போது வைத்திருப்பவர் இறந்தால் ஊர் அரசருக்குத் திரும்பும் என்றது. மெக்சிகோவில் அதிகாரிகள் கொந்தளிப்பைப் பார்த்து அதை அறிவித்த கையோடு நிறுத்திவைத்தார்கள். பெருவில் புதிய ஆளுநராக வந்த பிளாஸ்கோ நூன்யெஸ் வேலா நிறுத்த மறுத்தார். இன்கா நாட்டைக் கைப்பற்றிய பிசாரோவின் தம்பி கோன்சாலோ தலைமையில் எங்கோமெந்தெரோக்கள் படை திரட்டினார்கள். 1546 ஜனவரியில் கித்தோ அருகே நடந்த போரில் ஆளுநரின் தலையை வெட்டினார்கள். அதற்கு முன்பே, 1545-இல், இறந்தால் திரும்பும் என்ற விதியை அரசர் விலக்கிக்கொண்டிருந்தார். கோன்சாலோ 1548-இல் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் அவர் எதற்காகப் போரிட்டாரோ அது அவருடைய தோழர்களுக்குக் கிடைத்துவிட்டது.

அரசு பிறகு சுற்றுவழியில் போனது. 1549-இல் எங்கோமெந்தெரோ திறை மட்டுமே வாங்கலாம், ஆளை வேலைக்கு எடுக்கக் கூடாது என்று ஆணை வந்தது. கட்டாய வேலை அதோடு நின்றதா? இல்லை. அது தனியார் கையிலிருந்து அரசின் கைக்கு மாறியது. மெக்சிகோவில் அதற்கு ரெபார்த்திமியெந்தோ, பங்கீடு என்று பெயர். பெருவில் இன்காக்களின் பழைய முறைவேலையின் பெயரையே எடுத்து மித்தா என்றார்கள். 1573 முதல் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 13,500 ஆண்கள் அனுப்பப்பட்டார்கள். மலை மாகாணங்களில் ஏழு ஆணுக்கு ஒருவர் என்று கணக்கு. மனைவி, பிள்ளை, மூட்டை, சுமை சுமக்கும் லாமா விலங்குகளோடு வாரக்கணக்கில் நடந்து வருவார்கள், திரும்பாதவர்கள் பலர். மித்தா 1812 வரை சட்டத்தில் இருந்தது. எங்கோமியெந்தாவோ மக்கள்தொகை சரியச் சரியத் திறையும் சுருங்கி, பல இடங்களில் தானாகவே தேய்ந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசர் அதைப் பொதுவாக ஒழித்தார். சிலியிலோ 1791 வரை இழுத்துக்கொண்டு கிடந்தது.

வழக்கில் வென்ற வெஹோட்சிங்கோ பிறகு எப்படி இருந்தது? 1560 ஜூலை 30-ஆம் நாள் அந்த ஊர் மன்றம் ஸ்பெயின் அரசருக்கு ஒரு கடிதம் எழுதியது. இம்முறை படங்கள் இல்லை. இலத்தீன் எழுத்துகளில், தங்கள் நவாட்ல் மொழியில், நிறுத்தி நிதானமாக எழுதியிருக்கிறார்கள். உங்கள் ஆட்கள் வந்தபோது நாங்கள் எதிர்த்துப் போரிடவில்லை, வரவேற்றோம், மெக்சிகோ ஏரியில் ஓட்ட அவர்கள் கட்டிய படகுகளுக்கு மரமும் கீலும் கொடுத்தோம், யாரும் அடித்துத் திருத்தாமலே ஞானஸ்நானம் பெற்றோம் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார்கள். பிறகு சொல்லவந்ததைச் சொல்கிறார்கள். இப்போது எங்கள்மேல் பணமாக 14,800 பெசோவும், அதன்மேல் சோளமும் திறை விதித்திருக்கிறீர்கள். எங்கள் தந்தையர், பாட்டன்மார், பூட்டன்மார் திறை என்றால் என்னவென்று அறிந்ததில்லை, யாருக்கும் கட்டியதில்லை. இப்படியே போனால் உங்களுடைய இந்த ஊர் விரைவில் இல்லாமல் போய்விடும்.

கடிதத்தின் அடியில் மன்றத்தினர் வரிசையாகக் கையொப்பமிட்டிருக்கிறார்கள். முதல் பெயர் ஊர்த்தலைவருடையது: தோன் லியோனார்தோ ராமிரெஸ்.